எட்டுக் குதிரையும் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டுக் குதிரையும்

மாரிமுத்துவைப் பற்றி மன்னார்த் தீவில் யாரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். பிறகு "நல்ல பொடியன்" என்பார்கள். முப்பத்தாறு வயதுக்காரனைப் பொடியன் என்று சொல்லும் ஊர் அவனை எவ்வளவு மதித்தது என்பதை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். எதிரி என்று ஒருவர்கூட அவனுக்கு இருக்கவில்லை. கடலுக்குப் பாஸ், ரோட்டுக்குப் பாஸ், விறகு வெட்டப் போகவும் பாஸ் என்றிருந்த அந்த யுத்தகாலத்து மன்னாரில், எதிரியே இல்லாமல் ஒருவன் இருந்தால் ஒன்று அவன் புனிதனாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவனாக இருக்கவேண்டும். மாரிமுத்து புனிதன் இல்லை.

அவனைக் குற்றம் சொல்லியும் பிரயோசனமில்லை, தகப்பன் வழியில் வந்த குணம் அது. மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், இந்தியாவா இலங்கையா, எந்த நாட்டுப் பிரசாவுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்ன காலத்தில், கங்காணி இந்தியா என்றார், தொழிற்சங்கத் தலைவர் இலங்கை என்றார். மாரிமுத்துவின் தகப்பன் இருவர் மனமும் நோகக்கூடாது என்று இரண்டு நாட்டுக்கும் விண்ணப்பம் போட்டார். இரண்டு அரசாங்கங்களும் ஒத்துப்போன மிகச் சில விசயங்களில் அவருடைய விண்ணப்பத்தை நிராகரித்ததும் ஒன்று. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைக்க வந்தவர்கள் மட்டும் பிரசாவுரிமையைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. குடும்பம் மூட்டை முடிச்சோடு மன்னார்ப் பெருநிலத்தில் அடம்பன் பக்கம் வந்து, பற்றை வெட்டிக் குடிசை போட்டு, மற்றவர்களின் வயலில் கூலிக்கு இறங்கியது.

அங்கே பள்ளிக்கூடத்தில் "ஆமாங்க" என்ற ஒரே சொல்லுக்காக மாரிமுத்துவைப் போட்டு வறுத்தெடுத்தார்கள். ஒரு கிழமைக்குள் அவன் "ஓம்" என்று மாறிவிட்டான். வீட்டில் ஆமாங்க, வெளியில் ஓம். பின்னாளில் தீவில் வேலை கிடைத்து, தாயைப் பார்க்க அடம்பனுக்குப் போய்வரும்போது இராணுவம், இயக்கம் என்று இரண்டு தரப்புச் சோதனைச்சாவடிகளையும் தாண்டவேண்டியிருந்தது. இந்தப் பக்கத்தில் நிற்பவன் "அங்க சனம் கஷ்டப்படுதோ" என்று கேட்டால் ஓம். அந்தப் பக்கத்தில் நிற்பவன் அதையே திருப்பிக் கேட்டால் அதற்கும் ஓம். பொய் என்றும் சொல்லமுடியாது. இரண்டு பக்கத்துச் சனமும் கஷ்டப்பட்டுக்கொண்டுதான் இருந்தது.

இப்படிப்பட்டவனைத்தான் கரையோர மக்கள் ஒன்றியம் என்ற உதவி நிறுவனம் தேடிப்பிடித்துத் தகவல் இணைப்பாளர் ஆக்கியது. மன்னார் நகரத்தில் கழுதைகள் வந்து நிழலுக்கு ஒதுங்கும் ஒரு மதிலுக்குப் பின்னால் அதன் கந்தோர். பணிப்பாளர் பெயர் தோமஸ். வெளிநாட்டுக்காரர் வரும் நாட்களில் மட்டும் சப்பாத்துப் போடுகிறவர். சமாதானம் என்று பெயர் சொல்லி வந்தது சொல்லாமல் போய்விட, கடலுக்குப் பாஸ் மறுபடி வந்தது. படகு யாருடையது, எத்தனை அடி, எத்தனை பேர் போகிறார்கள், எஞ்சின் எத்தனை குதிரைவலு என்று ஒவ்வொரு ஊர்க் கடற்றொழில் சங்கமும் கொம்பியூட்டரில் ஏற்றி அனுப்பவேண்டும். ஒன்றியம் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, அச்சடித்து, கரையிலிருந்த கடற்படை முகாமுக்குக் கொடுக்கவேண்டும். பதினைந்து குதிரைவலுவுக்கு மேற்பட்ட எஞ்சினுக்குக் கடல் இல்லை. அவ்வளவுதான் விசயம்.

இதில் என்ன சிக்கல் என்று கேட்கலாம். சிக்கல் பெட்டியில் இருந்தது. கொம்பியூட்டர் ஓர் எண்ணை இரண்டு பெட்டிகளில் போட்டுவைக்கும், ஒன்று சின்னப் பெட்டி, மற்றது பெரிய பெட்டி. சின்னப் பெட்டியில் கிடக்கும் ஒன்று வெறும் ஒன்றுதான். பெரிய பெட்டியில் கிடக்கும் ஒன்று இருநூற்றைம்பத்தாறு. எந்தப் பெட்டியை முதலில் வைப்பது என்பதில் கொம்பியூட்டர் செய்கிற கம்பனிக்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. சிலது சின்னதை முன்னால் வைக்கும், சிலது பெரியதை. வைத்ததும் வாசிப்பதும் ஒரே ஒழுங்கில் நடந்தால் ஒரு தொல்லையும் இல்லை. மாறினால் எட்டு என்பது எட்டுத்தரம் இருநூற்றைம்பத்தாறு ஆகி, இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு என்று வந்து நிற்கும்.

மற்றச் சங்கங்களில் இருந்தவை எல்லாம் சின்னப் பெட்டி முதல் வைக்கிற சாதி. தீவின் மேற்குக்கரைச் சங்கத்தில் மட்டும் ஒல்லாந்திலிருந்து ஏதோவொரு தேவாலயப் பங்கு மக்கள் செபம் சொல்லி அனுப்பிவைத்த பழைய கொம்பியூட்டர், பெரிய பெட்டி முதல் வைப்பது. அதற்குப் பொறுப்பு எடித் என்ற காரியதரிசி. அந்தக் கொம்பியூட்டருக்குப் பூத்தையல் போட்ட உறை தைத்து, திங்கட்கிழமைகளில் சாம்பிராணியும் காட்டுகிற பக்தி அவளுக்கு.

இதைத் தீர்க்க நகரத்தில் இரண்டு நாள் பயிற்சிப்பட்டறை நடந்தது. கொழும்பிலிருந்து வந்த நிபுணர் ஒருவர், "ஏதாவது ஒரு ஒழுங்கைத் தெரிவு செய்து எல்லோரும் அதையே பின்பற்றுங்கள், எழுத்துக்கும் அப்படியே ஒரு முறை" என்று அரை மணித்தியாலத்தில் சொல்லிமுடித்துவிட்டார். மிச்சம் ஒன்றரை நாளும் சண்டை. தங்கள் கொம்பியூட்டரைப் பிழை என்று சொல்ல யாருக்கு உரிமை என்று எடித் எழும்பினாள். தமிழ் எழுத்திலும் ஏழு சங்கத்துக்கு ஏழு எழுத்துரு. ஒருவர் அனுப்பிய பெயர் மற்றவரிடம் போனால் பூச்சி புழு ஊர்ந்ததுபோல் தெரியும். ஒருவரும் தங்களுடையதை விடத் தயாரில்லை. கடைசியில் மாரிமுத்து எழும்பி, கையைக் கட்டிக்கொண்டு, தன் வாழ்க்கை முழுவதும் சொல்லிவந்த வசனத்தைச் சொன்னான்.

"ரெண்டும் சரிதானே. ரெண்டையும் விடுவம்."

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். தோமஸ் அவன் முதுகில் தட்டினார். நிபுணர் மட்டும் தேநீரோடு வந்த றோல்ஸைக் கடித்தபடி அவனை ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் அவருக்கு மூன்றரை மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மாரிமுத்து இருந்து எழுதிய தரவு விதிகள் நாற்பது பக்கம் வந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் "விரும்பினால்", "வசதிக்கேற்ப", "அல்லது". எண் எந்தப் பெட்டி முதலாகவும் இருக்கலாம், எழுத்து ஏழு முறையில் எதுவாகவும் இருக்கலாம். அனுப்புகிறவர் எந்த ஒழுங்கு என்பதைக் கோப்பின் தலைப்பில் குறிப்பிட வேண்டும் என்று எழுதியவன், அது யாருக்கும் கட்டளை போடுவதுபோல் பட்டுவிடுமோ என்று பயந்து, "குறிப்பிடலாம்" என்று மாற்றினான். குறிப்பிடாவிட்டால் பெறுகிறவர் தமக்கு வசதியானபடி வாசித்துக்கொள்ளலாம்.

மன்னார்ச் சனத்தை அறிந்த ஒருவன் இந்த வசனத்தை எழுதியிருக்கவே கூடாது. அந்த வருடங்களில் கட்டாயம் இல்லாத ஒரு கட்டத்தை நிரப்புகிற பைத்தியக்காரர் தீவில் யாரும் இருக்கவில்லை. கேட்காததைச் சொன்னவன் உள்ளே போனான், கேட்டதை மட்டும் சொன்னவன் வீட்டுக்குப் போனான். தகப்பன் பெயரைக்கூடக் கட்டாயம் என்று நட்சத்திரக்குறி இருந்தால்தான் எழுதுவார்கள். ஏழு சங்கங்களிலிருந்தும் ஏழு கோப்புகள் வந்தன. ஏழிலும் தலைப்பு வெறுமை. ஒன்றியத்தின் கொம்பியூட்டர் தன் வசதிக்கேற்ப எல்லாவற்றையும் சின்னப் பெட்டி முதல் என்று வாசித்தது. மாரிமுத்து பார்க்காமலே அச்சடித்து முகாமுக்கு அனுப்பினான். ஏழு எழுத்துருவில் பூச்சி ஊர்ந்த தாளை யார்தான் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

மாரிமுத்து குடியிருந்தது மேற்குக்கரையில், சந்தியோகு என்ற கடற்றொழிலாளியின் வீட்டுப் பின்னறையில். சந்தியோகுவிடம் மூன்று பேர் தொழிலுக்குப் போகும் பதினெட்டடிப் பிளாஸ்ரிக் படகு ஒன்றும் எட்டுக் குதிரைவலு எஞ்சின் ஒன்றும் இருந்தன. எஞ்சின் அவரோடு கோவித்துக்கொண்டே வேலை செய்யும். மனைவி பெற்றிசியா, பின்னறைக்காரனையும் தன் பிள்ளைகளோடு சேர்த்தே சோற்றுக்குக் கூப்பிடுவாள். "தம்பிக்குத் தலையோ நடுத்துண்டோ" என்று கேட்டால், எது மிச்சமோ அது என்பான் அவன்.

பட்டியல் போய் இரண்டாம் நாள் விடியப்புறம் கடலுக்குப் போன சந்தியோகு, சூரியன் ஏறுவதற்குள் வெறுங்கையோடு திரும்பிவந்தார்.

"நேவிக்காரங்கள் எஞ்சினைக் கழட்டி வைச்சுக்கொண்டாங்கள்" என்றார்.

"ஏனாம்?" என்றாள் பெற்றிசியா.

"என்ர வள்ளம் நாலாயிரத்து அறுநூற்றெட்டு அடியாம். எழுநூற்று அறுபத்தெட்டுப் பேர் அதில போறமாம். எஞ்சின் ரெண்டாயிரத்து நாற்பத்தெட்டுக் குதிரைவலுவாம்."

பெற்றிசியா சிரித்தாள். சந்தியோகு சிரிக்கவில்லை என்பதைக் கண்டு நிறுத்தினாள். மாரிமுத்து பக்கத்தில் பழஞ்சோறு தின்றுகொண்டிருந்தான். எட்டும் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டும் எந்தப் பெட்டியில் இடம் மாறின என்பது அந்த வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்தது. அதைச் சொன்னானா? இல்லை. "விசாரிச்சுப் பாக்கிறன் அண்ணை" என்றான்.

விசாரிக்கப் போனது எடித்திடம். "மிஸ், கோப்பின்ர தலைப்பில பெரிய பெட்டி முதல் எண்டு ஒரு குறிப்புப் போட்டிருக்கலாமே" என்று மெல்ல இழுத்தான்.

"போடலாம் எண்டுதானே எழுதியிருக்கிறீங்கள். போட வேணும் எண்டு எழுதினீங்களோ?" என்றாள் எடித், கொம்பியூட்டர் உறையைத் தடவிக்கொண்டே. "வேண்டாத இடத்தில வேண்டாத விபரம் எழுதி, ஆராவது வந்து ஏன் எழுதினனீ எண்டு கேட்டா, நீங்களோ பதில் சொல்லுறது?"

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, விதி எழுதியவன் அவன்தான்.

மேற்குக்கரையில் இருபது முப்பது படகுகளின் கதையும் இதுவேதான். ஆனால் மற்றவர்களுக்குத் தெரிந்தவர்கள் மூலம் வேறு வழிகள் இருந்தன, அல்லது கடலுக்குப் போகாமல் இருக்க வசதி இருந்தது. சந்தியோகுவுக்கு இரண்டும் இல்லை. மாதக் கடைசியில் முகாமில் பதிவை மூடுவார்கள். அதற்குள் திருத்தாவிட்டால் அந்தப் பருவம் முழுக்க வள்ளம் கரையில்தான். பெற்றிசியாவின் அடுப்படியில் முதலில் மீன் போனது. பிறகு சொதி தண்ணியானது. பிறகு சம்பல் மட்டும். அந்தச் சம்பலையும் அவள் பிள்ளைகளுக்கும் பின்னறைக்காரனுக்கும் ஒரேயளவாகத்தான் வைத்தாள். அதைத் தின்று எழும்பிய மாரிமுத்து நேரே கந்தோருக்குப் போனான்.

அவன் கோப்பைச் சரியாக வாசித்துப் புதுப்பட்டியல் அச்சடித்தான். முகாம் ஏற்கவில்லை. முதல் பட்டியல் பிழை என்று ஒன்றியம் கடிதம் தரவேண்டும் என்றார்கள். மாரிமுத்து தோமஸிடம் போனான்.

"பிழை எண்டு எழுதிக் குடுக்கிறதோ? உமக்கென்ன விசரே?" என்றார் தோமஸ். "அடுத்த மாதம் காசு தாற வெள்ளைக்காரர் வரப்போகினம். இந்த விதிகளைத்தான் நாங்கள் பெரிசாக் காட்டப்போறம். உம்மட விதியில ரெண்டு ஒழுங்கும் சரியெண்டு கிடக்குதல்லோ? அப்ப எட்டும் சரி, ரெண்டாயிரத்து நாற்பத்தெட்டும் சரி. அப்பிடியே எழுதித் தாறன், கொண்டுபோம்."

எழுதியும் கொடுத்தார். "எமது தரவு விதிகளின்படி மேற்படி இரு பெறுமதிகளும் ஏற்கத்தக்கவை என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகிறோம்." முத்திரை, கையெழுத்து எல்லாம் சுத்தம். தன் சொந்த வசனம் இன்னொருவர் கையால் எழுதப்பட்டு வந்தபோது அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று மாரிமுத்துவுக்கு முதல்முறையாகத் தெரிந்தது. தெரிந்தும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சந்தியோகுவையும் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போனான். தலையாட்டுகிறவனுடைய கால் அவ்வளவு இலேசில் நிற்காது.

முகாமில் இருந்த சிங்கள அதிகாரி தமிழை வழியில் பொறுக்கி எடுத்துப் பேசுகிறவர். கடிதத்தை ஒருவரிடம் கொடுத்து வாசிப்பித்துக் கேட்டார். மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

"ரெண்டும் சரி?" என்றார்.

"ஓம் சேர். விதிப்படி…"

"பகல்ல எட்டு. ராவைக்கு ரெண்டாயிரம். அப்படியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாரிமுத்துவும் சேர்ந்து சிரித்தான், அது அவனுடைய பழக்கம். மற்றவர்கள் சிரிப்பை நிறுத்தியபின்பும் அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"எனக்கும் தெரியும், இது சின்னப் போட். இந்த மனுசனும் பாவம்" என்றார் அதிகாரி. "ஆனா பேப்பர்ல இருக்கு. நான் வெட்ட ஏலாது. நாளைக்கு ஒரு பெரிய எஞ்சின் போனா என்னைத்தான் கேப்பாங்க. நீங்க ஒண்ணு சொல்லுங்க. எட்டா, ரெண்டாயிரமா? எது பொய்?"

மாரிமுத்து வாயைத் திறந்தான். விதிகளின்படி, வசதிக்கேற்ப, பெறுகிறவர் விருப்பப்படி என்று எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. வாசலில் சந்தியோகு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கடலில் அலைக்கு எதிராக எழும்பி நின்று வலை இழுக்கிற மனிதன், தானே கழற்றிவிட்டு நின்றார். மாரிமுத்துவுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. முப்பத்தாறு வருடமாக அவன் யாரையும் நோகப்பண்ணவில்லை என்று நினைத்திருந்தான், இதோ நோகப்பண்ணியிருக்கிறான், அதுவும் சோறு போட்ட வீட்டை.

"எட்டு" என்றான். "மற்றது பொய்."

"யார் எழுதின பொய்?"

"நான்தான் சேர். விதி எழுதினது நான். அச்சடிச்சதும் நான். மேற்குக்கரைப் பட்டியல் முழுக்கப் பிழை."

"ஹரி. சரி, எழுதிக் குடு."

முகாமின் மேசையிலேயே கதிரை நுனியில் இருந்து எழுதினான். எழுதியதில் "அல்லது" என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. இனி எது நடந்தாலும் தேடிவரவேண்டிய முகவரி அதுவாகத்தான் இருக்கும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். தோமஸின் கடிதத்தை அதிகாரி திருப்பிக் கொடுத்தார். சந்தியோகு எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு கரைக்கு நடந்தார். அடுத்தநாள் மேற்குக்கரைப் படகுகள் எல்லாம் கடலில் இருந்தன.

வெள்ளைக்காரர் வர இன்னும் நாள் இருந்தும், கந்தோரில் தோமஸ் அன்றைக்கே சப்பாத்துப் போட்டிருந்தார். மாரிமுத்து உட்காரமுன்னமே தொடங்கினார்.

"என்னைக் கேக்காமல் எழுதிக் குடுத்திருக்கிறீர். போய் அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாரும். வெள்ளைக்காரர் வந்து போகட்டும். உம்மைச் சிரேஷ்ட இணைப்பாளர் ஆக்கிறதுக்கு நான் எழுதி வைச்சிருக்கிறன்."

"வாங்கினா சந்தியோகு அண்ணையின்ர பாஸ் என்ன மாதிரி சேர்?"

"அது நிண்டுபோகும். பிறகு பாப்பம்."

மாரிமுத்து பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தான். நாற்பது பக்கம் ஒரு பக்கமாகச் சுருங்கியிருந்தது. எண்கள் எல்லாம் சின்னப் பெட்டி முதல். எழுத்து எல்லாம் யூனிகோட் என்ற ஒரே முறை. தலைப்பில் குறிப்பிட ஒன்றுமில்லை, ஏனென்றால் தெரிவு செய்ய ஒன்றுமில்லை. வேறு விதமாக வரும் கோப்பு திருப்பி அனுப்பப்படும்.

தோமஸ் வாசித்தார். "எடித் ஆக்களின்ர மெசினுக்கு என்ன செய்யிறது?"

"அவையள்தான் மாத்தி அனுப்ப வேணும்."

"கோவிப்பினம்."

"கோவிக்கட்டும்."

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். தன்னிடம் வேலை செய்தது இந்த ஆள்தானா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். "இது நல்ல வேலைதான்" என்றார். "ஆனா கடிதம்?"

"அது அங்கயே கிடக்கட்டும் சேர்."

"அப்ப நீர் போகவேண்டி வரும்."

மாரிமுத்து தலையாட்டினான். அந்த ஒரு தலையாட்டலை மட்டும் அவன் யோசித்துத்தான் ஆட்டினான். தோமஸ் அவனைப் போகவிட்டார், தாளைப் போகவிடவில்லை. பிறகு வந்த வெள்ளைக்காரர் அந்த ஒரு பக்கத்தை மூன்றுதரம் வாசித்து, இவ்வளவு தெளிவான விதிகளைத் தாங்கள் எங்கும் கண்டதில்லை என்று பாராட்டினார்களாம். கீழே தோமஸ் என்று கையெழுத்து இருந்தது.

அவன் வீட்டுக்கு வந்தபோது பெற்றிசியா முற்றத்தில் பலகை போட்டு மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சந்தியோகு நிறையப் பிடித்திருந்தார்.

"என்ன தம்பி, இண்டைக்குக் கந்தோர் நேரத்தோட விட்டிட்டினமோ?"

"வேலையால நிப்பாட்டிப் போட்டினம் அக்கா."

"ஏன், என்ன செய்தனீர்?"

"எட்டை எட்டு எண்டு எழுதிக் குடுத்தனான்."

பெற்றிசியா கத்தியைப் பலகையில் வைத்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சோறு போட எழும்பினாள்.